சாப்பாடு உடம்பில் ஒட்டும் இடம்

மட்டக்களப்பு வாவியில் பிடித்த மணலை ஒன்றையும் கொடுவா ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வயிற்றைக் கீறிப் பார்த்தால், இரண்டும் ஒரே தண்ணீரில் வளர்ந்தவை என்று நம்பவே முடியாது. கொடுவாவுக்கு அகன்ற இரைப்பை, அதற்குப் பின்னால் கட்டையான குடல். மீன் வெட்டுபவர் இரண்டு விரலால் இழுத்தாலே முழுவதும் கையோடு வந்துவிடும். மணலை அப்படி விட்டுக்கொடுக்காது. மெல்லிய குடல், சுருள் சுருளாக, சாம்பல் நிறச் சேறு நிரம்பி, வந்துகொண்டே இருக்கும். பிரித்து நீட்டினால் மீனின் நீளத்தைப்போலப் பல மடங்கு.

காரணம் சாப்பாடுதான். கொடுவா இறாலையும் சின்ன மீனையும் விழுங்குகிறது. இறைச்சி சத்துச் செறிந்தது, சீக்கிரம் கரையக்கூடியது. அதற்குக் கட்டைக் குடல் போதும். மணலையோ வாவியின் அடிச்சேற்றை வாயால் அள்ளி, அதில் கிடக்கும் பாசியையும் உக்கிய இலைத் துகளையும் தின்று பிழைக்கிறது. பத்துப் பங்கு சேறு உள்ளே போனால் ஒரு பங்கு தேறுமோ என்னவோ. அந்தக் கொஞ்சத்தையும் விடாமல் பிடித்தெடுக்க நேரம் வேண்டும், இடம் வேண்டும். 1952 ஆம் ஆண்டு இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று வாவியிலும் தாராளமாக அகப்படும் திலாப்பியாவுக்கும் அதே கதை. அதன் குடல் மணலையினுடையதைவிடவும் நீளம். இறால் வேறு வழியில் போனது. உரிக்கும்போது முதுகில் இருந்து நாம் இழுத்தெறியும் கறுப்பு நூல்தான் அதன் குடல். சத்தை எடுக்கும் வேலையில் பெரும்பகுதியைத் தலைக்குள் இருக்கும் செம்மஞ்சள் சுரப்பி பார்த்துக்கொள்வதால், நேர்கோடாக ஒரு குழாய் அதற்குப் போதும்.

மனிதன் மீனும் தின்பான், கீரையும் தின்பான். அதனால் நமது குடல் இந்த இரு கோடிக்கும் இடைப்பட்டது. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீற்றர். சிறுகுடல் ஆளுக்கு ஆள் மாறும். 3 முதல் 8 மீற்றர் வரை என்பது பாடநூல்கள் தரும் அளவு, 6 மீற்றர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. உயிரோடு இருப்பவரின் குடற்சுவர்த் தசைகள் இறுகியே இருப்பதால் அது அதைவிடச் சுருங்கியிருக்கும். விட்டம் சுமார் இரண்டரை சென்ரிமீற்றர். இவ்வளவும் தொப்புளைச் சுற்றி மடிந்து கிடக்கிறது.

சமிபாட்டுக்கான பெயரையும் புகழையும் இரைப்பையே தட்டிக்கொண்டு போகிறது. சாப்பாடு செமிக்கவில்லை என்றால் எல்லோரும் கை வைப்பது மேல்வயிற்றில்தான். ஆனால் இரைப்பை இல்லாமல் வாழ முடியும். 1897 இல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் இரைப்பையை முழுவதும் அகற்றி, உணவுக்குழாயை நேரே சிறுகுடலோடு தைத்தார். அந்தப் பெண் ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டு வாழ்ந்தார். இன்றைக்கு அது உலகெங்கும் வழக்கமான சிகிச்சை. சிறிது சிறிதாகச் சாப்பிட்டு, B12 உயிர்ச்சத்தை ஊசியாகப் போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் இருக்கலாம். சிறுகுடலில் அந்தச் சலுகை கிடையாது. அதை வெட்டி எடுத்து மிச்சம் 2 மீற்றருக்குக் குறைந்துவிட்டால், மூன்று வேளை சாப்பிட்டாலும் உடம்பு வற்றத் தொடங்கும். ஸ்ரான்லி டட்ரிக் என்ற அமெரிக்க வைத்தியர் 1960களின் பிற்பகுதியில் எல்லாச் சத்துகளையும் பெருநாளத்தின் வழியே ஏற்றும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவரும் வரைக்கும், சிறுகுடலை இழந்தவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

சிறுகுடல் அப்படி என்னதான் செய்கிறது? ஒரு மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயலில் விளைந்த சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விட்ட இறால் கறி, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் சட்டியில் இருந்து வெட்டி எடுத்த எருமைத் தயிர்.

இரைப்பை இதை இரண்டு மூன்று மணித்தியாலம் அமிலத்தில் புரட்டி, கூழாக்கி, ஒரு தடவைக்குச் சில மில்லிலீற்றர் என்ற கணக்கில் கீழே விடுகிறது. இறங்கும் இடம் முன்சிறுகுடல், ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர். அங்கே வந்து சேரும் கூழ் கடும் புளிப்பு. குடலின் உட்சுவரையே புண்ணாக்கிவிடும். அதைச் சமப்படுத்தக் காரத்தன்மையான சாறு வேண்டும். அது சதையியில் இருந்து வருகிறது. சதையிக்கு இந்தச் சேதியை யார் சொல்வது என்பதுதான் நூறு ஆண்டுகளுக்கு முன் உடற்றொழிலியலாளர்களைக் குழப்பிய கேள்வி. நரம்புகள்தான் என்று ரஷ்யாவின் பாவ்லோவும் அவருடைய மாணவர்களும் உறுதியாக நம்பினார்கள்.

1902 சனவரியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ், ஏர்னஸ்ற் ஸ்ரார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் சிறுகுடல் துண்டு ஒன்றில் இருந்த நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் சதையி சாற்றைச் சுரந்தது. அப்படியானால் சேதி இரத்தத்தில்தான் போயிருக்க வேண்டும். குடலின் உட்படையைச் சுரண்டி அமிலத்தில் அரைத்து வடித்து நாளத்தில் ஏற்றினார்கள். மறுபடியும் சதையி சுரந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரெற்றின் என்று பெயரிட்டார்கள். ஓமோன் என்ற சொல்லை ஸ்ரார்லிங் பொதுமேடையில் அறிமுகப்படுத்தியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905 இல். இன்சுலினைப் பற்றியும் தைரொயிட் பற்றியும் இன்று வீட்டுக்கு வீடு பேசுகிறோம். ஓமோன் என்ற எண்ணம் வேர்விட்டதோ சிறுகுடலில்.

சதையிச் சாற்றோடு ஈரலின் பித்தமும் வந்து சேருகிறது. இனித்தான் உண்மையான சமிபாடு. சோற்றின் மாப்பொருளைச் சதையியின் அமிலேசு நொதியம் சின்னச் சின்னச் சர்க்கரைச் சங்கிலிகளாக வெட்டுகிறது. இறாலின் புரதத்தை வெட்டுவது திரிப்சின். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. புரதத்தைக் கரைக்கும் நொதியம் சதையிக்குள்ளேயே விழித்துக்கொண்டால் சதையியையே தின்றுவிடும். அதனால் அது உறங்கும் நிலையில் தயாராகி, குடலுக்குள் வந்தபின் குடற்சுவரில் இருக்கும் என்ரெரோகைனேசு என்ற இன்னொரு நொதியத்தால் எழுப்பப்படுகிறது. இந்த ஒழுங்கு குலைந்து சதையிக்குள்ளேயே விழித்துக்கொண்டால் வருவது சதையி அழற்சி. அதற்கு முதன்மையான இரண்டு காரணங்கள், பித்தக்கல்லும் மதுவும். கசிப்புக் குடித்தவர் மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்கிறது என்று துடித்தால், வாயுவென்று இஞ்சி தட்டிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்கு ஏற்றுங்கள்.

தேங்காய்ப்பாலின் கொழுப்பு தண்ணீரில் கரையாது. பித்த உப்புகள் அதை நுண்துளிகளாக்கிக் கொடுக்க, இலிப்பேசு நொதியம் உடைக்கிறது. அதற்குப் பிறகும் கொழுப்பின் பாதை தனி. சர்க்கரையும் புரதத்தின் துண்டுகளும் நேரே இரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போகின்றன. கொழுப்பில் பெரும்பகுதி புரதத்தால் பொதியப்பட்டு நிணநீர்க் குழாயில் இறங்கி, நெஞ்சின் வழியே மேலேறி, இடது கழுத்தடியில் உள்ள நாளத்தில் கலக்கிறது. 1622 இல் இத்தாலியரான கஸ்பாரே அசெல்லி, சற்றுமுன் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலில் இருந்து வெள்ளைக் கோடுகள் ஓடுவதைக் கண்டார். முதலில் நரம்பு என்றுதான் நினைத்தார். ஒன்றை வெட்டிப் பார்த்தார். பால் நிறத்தில் வழிந்தது. அந்த நாய் சாப்பிட்ட கொழுப்புத்தான் அது.

உடைப்பது பாதி வேலை. மற்றப் பாதி அகத்துறிஞ்சல். ஆட்டுக்குடலைச் சமையலுக்குப் புரட்டிக் கழுவியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பெருங்குடலின் உட்பக்கம் வழுவழுப்பு. சிறுகுடலின் உட்பக்கம் விரலுக்குப் பூம்பட்டாக இருக்கும். அந்தப் பட்டுத்தன்மை தருபவை சடைமுளைகள். மனிதரில் ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றரில் இருந்து ஒரு மில்லிமீற்றர் உயரம். ஒரு சதுர மில்லிமீற்றரில் 20 முதல் 40 வரை நிற்கும். நடுவில் மயிர்த்துளைக் குழாய்களும் ஒரு நிணநீர்க் குழாயும். மேலே ஒரேயொரு கல அடுக்குப் போர்வை. அந்தக் கலங்கள் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஆயிரக்கணக்கில் நுண்சடைமுளைகள். சர்க்கரைச் சங்கிலிகளைக் கடைசியாக வெட்டும் நொதியங்கள் அங்கேதான் பதிந்திருக்கின்றன. வெட்டிய இடத்திலேயே உள்ளே இழுத்துக்கொள்வதற்கு வசதியாக.

இந்த மடிப்புகளை எல்லாம் விரித்தால் ஒரு டெனிஸ் மைதானம் அளவு வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நானும் அப்படியே படித்தேன், இன்றும் பல புத்தகங்கள் அதையே அச்சிடுகின்றன. 2014 இல் சுவீடனின் கோதன்பேர்க்கில் ஹெலாண்டர், ஃபாண்ட்ரிக்ஸ் என்ற இருவர் நுணுக்குக்காட்டியில் திரும்ப அளந்தார்கள். முழு உணவுக்கால்வாயும் சேர்ந்தே சுமார் 32 சதுர மீற்றர்தான். அதில் பெருங்குடலின் பங்கு 2. அரை பட்மின்ரன் மைதானம் என்பது அவர்கள் சொன்ன அளவு. குறைந்துபோனதே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு வீட்டின் விறாந்தை அளவு தோலை வயிற்றுக்குள் சுருட்டி வைத்திருப்பதே போதிய அதிசயம். அந்தப் போர்வைக் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாகின்றன. போன கிழமை சாப்பிட்ட நண்டுக் கறியை உறிஞ்சிய கலங்கள் இன்று உங்களிடம் இல்லை.

எல்லாச் சத்தும் எல்லா இடத்திலும் ஏறுவதில்லை. B12 உயிர்ச்சத்துக்கும் பித்த உப்புக்கும் கடைசிப் பகுதியான சுருட்குடல்தான் வாசல். பித்த உப்பில் நூற்றுக்கு 95 பங்கு அங்கே மீட்கப்பட்டு ஈரலுக்கே திரும்புகிறது. இரும்புச்சத்து முன்சிறுகுடலிலேயே ஏற வேண்டும். அந்தச் சிறிய தூரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் வீண். நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. சாப்பிட்டுக் கை கழுவிய உடனே ஒரு பிளேன்ரீ. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் கீரையில் இருக்கும் இரும்போடு பிணைந்து அதை ஏறவிடாமல் செய்துவிடும். முருங்கையிலைச் சுண்டல் செய்த அம்மாவின் பாடு அரைவாசியும் கோப்பைக்குள் போய்விடுகிறது. தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தால் போதும். சுண்டலில் தேசிக்காய்ப் புளி விடுவது இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. அதன் C உயிர்ச்சத்து இரும்பை ஏறவைக்கிறது. தேசிக்காயைக் கண்டுபிடித்துச் சேர்த்தவர் நாக்குக்காகச் சேர்த்திருக்கலாம். குடலுக்கும் அது நன்மையாகவே முடிந்தது. இரத்தசோகை என்று குளிசை எடுக்கும் கர்ப்பிணிகள் அதையும் தேநீரோடு விழுங்க வேண்டாம்.

தயிருக்கு வருவோம். மட்டக்களப்பாருக்குத் தயிர் இல்லாமல் விருந்து முடியாது. பாலில் உள்ள சர்க்கரை இலற்றோசு. அதை வெட்ட இலற்றேசு என்ற நொதியம் வேண்டும். குழந்தையின் சிறுகுடலில் அது நிறைய இருக்கும். வளர வளரக் குறையும். உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்தக் குறைவு உண்டு. ஆகவே இதை ஒரு நோய் என்று சொல்வதே எனக்கு உடன்பாடில்லை. மனிதகுலத்தின் பெரும்பான்மை நிலையே அதுதான். வடக்கு ஐரோப்பியர் போன்ற சில மக்களுக்கு மட்டும் மரபணு மாற்றத்தால் அந்த நொதியம் கடைசிவரை நிற்கிறது. மற்றவர்கள் ஒரு பெரிய கோப்பைப் பாலைக் குடித்தால், வெட்டப்படாத இலற்றோசு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவாக்கும். வயிறு உப்பும், கடகடக்கும், சிலருக்கு வயிற்றோட்டமும் போகும்.

அதே ஆள் அதே எருமைப் பாலின் தயிரை ஒரு கோப்பை சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். பால் உறையும்போதே பற்றீரியாக்கள் இலற்றோசில் ஒரு பங்கைப் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. இன்னொரு காரணம் சுவையானது. தயிரோடு உயிருடன் உள்ளே போகும் பற்றீரியாக்களிடம் இலற்றோசை வெட்டும் சொந்த நொதியம் இருக்கிறது. முன்சிறுகுடலில் பித்த உப்பு பட்டதும் அவற்றின் சுவர் இளகி, அந்த நொதியம் மிச்ச இலற்றோசின் மேல் வேலை செய்கிறது. யோகட்டில் இது நடப்பதை 1984 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். எருமைத் தயிர் கட்டியானது, கொழுப்புக் கூடியது. இரைப்பையில் இருந்து மெதுவாக இறங்குவதால் சிறுகுடலுக்கு அவகாசமும் கிடைக்கிறது. படுவான்கரைப் பட்டிக்காரர் வெப்பத்தில் கெட்டுப்போகும் பாலைக் காப்பாற்றத்தான் உறைய வைத்தார்கள். அதன் பலன் இப்படியும் வந்து சேர்ந்திருக்கிறது.

மீன் பாடும் ஊர் என்று பெயர் எடுத்த மட்டக்களப்பில் குடல் பாடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. பசியில் வயிறு கடமுடா என்று கத்துவது இரைப்பையின் அழுகை மட்டுமல்ல. சாப்பாடு எல்லாம் இறங்கி முடிந்தபின், ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு பலத்த சுருக்க அலை இரைப்பையில் கிளம்பிச் சிறுகுடலின் கடைசி வரை மெதுவாக ஓடுகிறது. மிச்சம் மீதியையும் உதிர்ந்த கலங்களையும் பற்றீரியாக்களையும் கூட்டிப் பெருங்குடலுக்குத் தள்ளுவது அதன் வேலை. ஏதாவது வாயில் போட்டுவிட்டால் அலை நின்றுவிடும். நாள் முழுக்கப் பிஸ்கட்டும் கடலையும் கொறித்துக்கொண்டிருப்பவர்களின் குடலுக்குத் துப்புரவு செய்யும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

தண்ணீரின் கணக்கு இவை எல்லாவற்றையும்விட வியப்பானது. நாம் ஒரு நாளில் சாப்பாட்டோடும் பானங்களோடும் எடுக்கும் நீர் சுமார் 2 லீற்றர். உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், சதையிச் சாறு, குடற்சாறு என்று உடம்பே ஊற்றுவது இன்னும் 6 அல்லது 7 லீற்றர். ஆக 8, 9 லீற்றர் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்வது ஒன்று, ஒன்றரை லீற்றர். மலத்தோடு வெளியேறுவது 200 மில்லிலீற்றருக்கும் குறைவு. மிச்சம் எல்லாம் திரும்ப இரத்தத்துக்கு. இந்த மீட்பு ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்பதை வயிற்றோட்டம் காட்டுகிறது.

மாரி காலத்தில் வாவிக்கரை ஊர்களுக்கு இது ஏட்டுப் பாடமல்ல. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையில் நீளும் மணல்திட்டு. நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும். கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவில் இருக்கும். 2011 சனவரி வெள்ளத்தில் இலங்கை முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, மிக மோசமாக மூழ்கிய மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. குழியும் கிணறும் ஒரே தண்ணீராகிவிட்டால், அடுத்த கிழமை முகாம்களில் எதிர்பார்க்க வேண்டியது வயிற்றோட்டம்தான்.

கொலராக் கிருமி குடற்சுவரை உடைப்பதில்லை. அது சுரக்கும் நச்சு, கலங்களில் உள்ள குளோரைட்டு வாயில்களைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. உப்பு குடலுக்குள் கொட்டுகிறது, அதன் பின்னால் தண்ணீர். ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வரை போகலாம். வெறும் தண்ணீர் குடித்தால் நிற்காது. உப்புத் தண்ணீர் குடித்தாலும் பயன் குறைவு. இந்த இடத்தில்தான் சிறுகுடலின் ஒரு சின்ன வழக்கம் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. 1960 ஆகஸ்ற்றில் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் அமெரிக்க உயிரிரசாயனவியலாளர் றொபேட் கிரேன் அதை விளக்கினார். குளுக்கோசு குடற்கலத்துக்குள் தனியே போவதில்லை, சோடியத்தோடு சேர்ந்து ஒரே வாசலால் போகிறது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னால் போகும். கொலரா எல்லாவற்றையும் குழப்பினாலும் இந்த வாசலைத் தொடுவதில்லை. ஆகவே சரியான அளவில் உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால், வயிற்றோட்டம் போய்க்கொண்டிருக்கும்போதே குடல் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும்.

1968 இல் டாக்காவில் டேவிட் நலின், றிச்சாட் காஷ் ஆகியோர் நோயாளிகளில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் நம்பாதவர்களை நம்பவைத்தது ஓர் அகதி முகாம். 1971 வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் என்ற எல்லை ஊரில் கொலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கியது. 1978 இல் 'லான்செற்' மருத்துவ இதழ் இந்தக் கண்டுபிடிப்பை, அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. நம் வீடுகளில் ஜீவனிப் பைக்கற் என்ற பெயரில் அலுமாரியில் கிடப்பது அதுதான்.

தமிழ்நாட்டின் வேலூரும் சிறுகுடலின் கதையில் வருகிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் பல ஆண்டுகள் தென்னிந்தியக் கிராமத்தவரின் சிறுகுடலை ஆராய்ந்தார்கள். குழாயின் நுனியில் ஒரு சிறிய உலோகக் கூட்டை விழுங்க வைத்து, அது குடலில் இறங்கியதும் அரிசி அளவும் வராத ஒரு துணுக்கைக் கத்தரித்து எடுத்துப் பார்ப்பது அக்கால முறை. நோய் ஏதும் இல்லை என்று சொன்னவர்களிலும் சடைமுளைகள் குட்டையாகவும் தட்டையாகவும் இருந்தன. பாகிஸ்தானுக்கு வந்து தங்கிய அமெரிக்க இளைஞர்களின் குடலும் சில மாதங்களில் இப்படியே மாறியது. ஊர் திரும்பியபின் தேறியது. நியூயோர்க்கில் குடியேறிய இந்தியரதும் பாகிஸ்தானியரதும் குடலிலும் காலப்போக்கில் திருத்தம் தெரிந்தது. ஆகவே குறை இனத்தில் இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது. அசுத்தமான நீரும் மண்ணும் நாள்தோறும் கொண்டுவரும் கிருமிகளோடு ஓயாமல் மல்லுக்கட்டும் குடல், தன் சடைமுளைகளை இழக்கிறது.

"பிள்ளைக்குச் சாப்பாடு உடம்பில ஒட்டுதில்ல" என்று தாய்மார் சொல்வதைக் கேட்டிருப்போம். பூச்சி மருந்து கொடுக்கிறோம், சத்துமா வாங்குகிறோம், கண்ணூறு கழிக்கிறோம். ஒட்டவேண்டிய இடமே தேய்ந்துபோயிருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மேலும் ஒரு கரண்டி சோறு ஊட்டுவதைவிட, மூடிய கிணறும் ஒழுகாத மலசலகூடமும் கூடுதலாக உதவும். பிரதேச சபைகளின் வரவு செலவுத் திட்டத்தில் வடிகான் என்ற தலைப்பைப் போசாக்கு என்ற தலைப்புக்குக் கீழே போட்டாலும் தவறில்லை என்பது என் கட்சி.

வேலூரில் இருந்தே வந்த இன்னொரு சேதி. சிறுகுடலில் சமிபாடடையாத ஒருவகை மாப்பொருளை அந்த உப்பு, குளுக்கோசு நீரோடு கலந்து கொடுத்தபோது கொலரா நோயாளிகள் விரைவாகத் தேறினார்கள் என்று பி. எஸ். இராமகிருஷ்ணாவும் குழுவினரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சிறுகுடல் விட்டுவிடும் மாப்பொருள் பெருங்குடலில் நொதித்து, அங்கேயும் உப்பையும் நீரையும் மீட்க உதவுகிறது. வடித்த சோறு ஆறிக் குளிரும்போதும் அதன் மாப்பொருளில் கொஞ்சம் இப்படி மாறிக்கொள்கிறது. தயிர் விட்டுப் பிசைந்த பழஞ்சோற்றில் பெருங்குடலுக்கென்று ஒரு பங்கு தானாகவே இருக்கிறது.

அடுத்த மாரிக்கு முன் வீட்டில் நான்கு ஜீவனிப் பைக்கற்றாவது வாங்கி வையுங்கள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதும் கரையுங்கள். பாதிப் பைக்கற், பாதி நீர் என்று கண்மட்டத்துக்குக் கரைக்க வேண்டாம். அன்று கரைத்ததில் மிஞ்சியதை மறுநாள் கீழே ஊற்றிவிடுங்கள். பைக்கற் கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் நீருக்குச் சீனி தட்டையாக ஆறு தேக்கரண்டி, உப்பு தட்டையாக அரைத் தேக்கரண்டி. உப்பு கூடினால் ஆபத்து. ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் குழந்தைக்குச் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் திரும்பக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சோற்றையும் நிறுத்தாதீர்கள். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தாலோ, அழுதும் கண்ணீர் வராவிட்டாலோ, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியிலும் ஊட்டிக்கொண்டே போங்கள்.